ஒரு மாணவியின் சித்திரக் கட்டு

புத்தக விமர்சனம் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவன் எதைச் சொன்னாலும் யார் வீட்டு அடுப்பும் அணைந்துவிடுவதில்லை. நாவல் நன்றாக இல்லை என்று எழுதினால் அதன் ஆசிரியர் ஆறு மாதம் முகங்கொடுத்துப் பேசமாட்டார். நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அடுத்த நாவலையும் தபாலில் அனுப்பி வைப்பார். இரண்டையும் தாங்கிக்கொள்ளலாம். போன தை மாதம் ஒரு சாயங்காலம் என்னிடம் அபிப்பிராயம் கேட்டு வந்தது புத்தகம் அல்ல. பெரிய அட்டை உறைக்குள் வைத்து, நாடா போட்டுக் கட்டிய 34 காகிதங்கள். என் வார்த்தையைக் கேட்டுத்தான் ஒரு வீட்டில் ஆறு பவுன் நகை அடகுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறார்கள் என்பதும் கட்டைப் பிரிக்கும் முன்பே எனக்குச் சொல்லப்பட்டது.

கொண்டு வந்தவர் எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் பழக்கமானவர். மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் போர்டு எழுதிக்கொண்டிருந்தார். சிறுவனாக இருந்தபோது சினிமா பானர் எழுதுகிற ஒருவரிடம் பெயிண்ட் டப்பா தூக்கப் போய்த் தொழில் கற்றவர். 1952-ல் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரின் முகப்பைப் பற்றி இன்றைக்கும் கோயில் கோபுரத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவார். 2000-க்குப் பிறகு பிளெக்ஸ் வந்தது. மூன்று நாள் வேலையை மிஷின் முக்கால் மணி நேரத்தில் துப்பிவிட்டது. இப்போது அவர் பிளெக்ஸ் அடிக்கிற ஒரு கடையில், அச்சான படத்தை மரச்சட்டத்தில் இழுத்து ஆணி அடிக்கிறார்.

மகள் உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் மூன்று வருஷம் 'விஸ்காம்' படித்து முடித்திருக்கிறாள். பென்ஸில் சித்திரம், வர்ணச் சித்திரம், கிராபிக் டிசைன் என்று மூன்றும் அதில் பாடங்கள். மேலே படிக்க வடக்கே ஒரு கல்லூரிக்கு மனுப் போட வேண்டும். மனுவோடு 15 சித்திரங்களைப் பொறுக்கி அனுப்ப வேண்டும்.

"அண்ணே, நீங்க கதை எழுதுறவுக. அடுத்தவுக எழுதினதையும் பார்த்து நல்லாருக்கு, நல்லால்லேன்னு பத்திரிகையில போடுறவுக. நமக்கு இந்தப் படிப்பு விவரம் தெரியல. பாப்பாவுக்கு இது தேறுமா தேறாதான்னு மட்டும் சொல்லிப்புடுங்க" என்றார்.

"அப்பா சொல்றதை விடுங்க பெரியப்பா. எந்தப் பதினைஞ்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள் பெண்.

இரண்டும் ஒரே கேள்வி அல்ல. எனக்குக் கோடு போட வராது என்பதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். "உங்களுக்குச் சமைக்க வருமா? சாப்பிட்டுட்டு உப்பு இல்லேன்னு சொல்றீகல்ல?" என்றார் தம்பி. கட்டைப் பிரித்தேன்.

முதல் காகிதத்தில் ஓர் ஆப்பிள். பக்கத்தில் நீண்ட கழுத்துள்ள கண்ணாடிப் புட்டி. கீழே மடிப்பு மடிப்பாக ஒரு துணி. சித்திர வகுப்பு என்று ஒன்று எங்கே இருந்தாலும் அங்கே இந்த ஆப்பிள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு அதன்மேல் விரோதம் இல்லை. செஸான் என்ற பிரெஞ்சுச் சித்திரக்காரர் ஆயுள் முழுவதும் ஆப்பிள்களைத் திரும்பத் திரும்ப எழுதினார். அவை அவர் வீட்டு மேஜையில் கிடந்த பழங்கள். இந்தப் பெண் எழுதிய ஆப்பிள் எந்த மேஜையிலும் கிடக்கவில்லை. போனில் தேடி எடுத்த படத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாள். அதில் குறை சொல்ல இடமே கிடையாது. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. நிழல் வலப்பக்கம் ஒழுங்காகச் சாய்கிறது. வெளுப்பிலிருந்து கறுப்பு வரை பென்ஸில் படிப்படியாக இறங்குகிறது. மார்க் 25-க்கு 22. ஆனால் அந்தப் பழத்தைக் கையில் எடுத்தால் எத்தனை கனம் இருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒருவேளை கனமே இல்லாமல் இருக்கலாம்.

ஏழாவது காகிதம் ஓர் அம்மி. 'வீட்டிலுள்ள பொருள் ஒன்று' என்பது பாடம். இதில் பிழை கண்ணை உறுத்துகிறது. அம்மியின் நிழல் ஒரு பக்கமும் குழவியின் நிழல் வேறு பக்கமும் விழுகின்றன. இரண்டு நாள் இரண்டு வேளையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள் போலும். காலை வெயிலும் மாலை வெயிலும் ஒரே காகிதத்தில் சேர்ந்துவிட்டன. ஆனால் அந்தக் கல் தரையில் உட்கார்ந்திருக்கிறது. நான்கு பேர் சேர்ந்தால்தான் நகர்த்தலாம். நடுவில் அரைத்து அரைத்துத் தேய்ந்த பள்ளம் இருக்கிறதே, அதைக் கோடு போட்டுக் காட்டாமல் பென்ஸிலைப் படுக்கவைத்துத் தேய்த்தே கொண்டு வந்திருக்கிறாள். பள்ளம் நடுவில் இல்லை, சற்று வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. ஏன் என்று கேட்டேன்.

"அப்பத்தா அப்படித்தான் அரைக்கும், பெரியப்பா. அதுக்கு இடது தோள்ல வலி" என்றாள்.

இதற்கு மார்க் 14. 'நிழலைக் கவனிக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஆசிரியர் சொன்னது வாஸ்தவம். நிழலைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும்: பிழையில்லாத வாக்கியங்களால் ஆன கதைகள் ஆயிரம் வந்து மறைந்துவிட்டன. ஒரு கிழவியின் தோள்வலியைக் கல்லின் பள்ளத்தில் காட்டிய கதை அவற்றில் எத்தனை இருந்தன என்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்த மாதிரி வகுப்பு நமக்கு வந்த வரலாறு சுவாரசியமானது. 1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் சென்னையில் ஓவியப் பள்ளி ஒன்றை ஆரம்பித்தார். தமிழ்நாட்டில் முறைப்படி சித்திரம் கற்பிக்கிற இடங்களுக்கெல்லாம் அதுதான் மூத்த வீடு. வெள்ளைக்காரர்களே நடத்தி வந்த அந்தப் பள்ளிக்கு 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌதரி தலைவராக வந்தார். மெரீனாவில் பாறையைப் புரட்டுகிற நான்கு உழைப்பாளிகளைச் செய்தவர் அவர்தான். அவருக்குப் பின் 1957-ல் கே.சி.எஸ். பணிக்கர். எங்கள் மதுரையில் பிறந்த டிராட்ஸ்கி மருது படித்ததும் அங்கேதான். இத்தனை பேர் வந்து போன பிறகும் ஆப்பிளும் புட்டியும் மட்டும் அசையவில்லை என்பதில் எனக்கு ஓர் ஆச்சரியம்.

'பெர்ஸ்பெக்டிவ்' என்ற பாடத்துக்கு இரண்டு சித்திரங்கள். ஒன்று மீனாட்சி கோயில் ஆயிரங்கால் மண்டபம். மதுரை மாணவர்களுக்கு இந்தப் பாடத்தில் ஓர் அநியாயச் சலுகை உண்டு. தூண்களை வரிசையாக நிறுத்தி அவர்களுக்காகவே நாயக்கர் காலத்தில் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் இதையும் போட்டோவைப் பார்த்து எழுதியிருக்கிறாள். ஓரத்துத் தூண்கள் வெளிப்பக்கம் சாய்கின்றன. போனின் கண்ணுக்கு அப்படித் தெரியும். மனுஷன் கண்ணுக்குத் தெரியாது. 1792-ல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள், ஒருவர் மற்றவருடைய சகோதரர் மகன், மதுரைக்கு வந்து திருமலை நாயக்கர் மஹாலை எழுதிக்கொண்டு போனார்கள். இங்கிலாந்தில் அச்சான அந்தச் சித்திரங்களில் தூண்கள் நேராகவே நிற்கின்றன. அவர்களிடமும் படத்தைக் கண்ணாடி வழியாக விழவைக்கிற பெட்டி ஒன்று இருந்தது என்பார்கள். ஆனாலும் தூணுக்கு எதிரே போய் உட்கார்ந்தார்கள்.

மற்றது தெற்கு மாசி வீதி. மொட்டை மாடியிலிருந்து பார்த்து எழுதியது. மின்சாரக் கம்பிகள் பாடத்தின் விதிக்கு அடங்காமல் தங்கள் இஷ்டத்துக்குத் தொங்குகின்றன. மாசி வீதி அப்படித்தான் இருக்கிறது. இதை வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

வர்ணங்களுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

இரண்டாம் வருஷத்தில் மாணவர்களைக் கீழக்குயில்குடிக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். மதுரைக்கு மேற்கே இருக்கும் சமணர் மலையடிவாரம். ஆலமரங்கள், தாமரைக் குளம், அய்யனார் கோயில், மேலே பாறையில் தீர்த்தங்கரர்கள். கையில் பிரஷ் உள்ளவர்கள் யார் போனாலும் தாமரைக் குளத்துக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார்கள். இவளும் உட்கார்ந்து ஒன்று எழுதியிருக்கிறாள். பச்சையும் ரோஜாவுமாக, பிஸ்கட் டப்பா மூடிக்குப் பொருத்தமாக இருந்தது. அதற்கு 23.

அதற்கு அடியில் இன்னொரு காகிதம். மலை மேல் ஏறிப் போய், குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கீழே தெரிகிற சமவெளியை எழுதியிருக்கிறாள். காகிதத்தில் முக்கால் பங்கு ஒன்றும் இல்லை, வானம். வானத்துக்கும் வர்ணம் பூசவில்லை, காகிதத்தின் வெளுப்பையே விட்டுவிட்டாள். கீழே கால் பங்கில் மங்கிய மஞ்சளும் செம்மண்ணும். இடையில் வற்றிய கண்மாய் ஒன்று சாம்பல் நிறத்தில். தொடுவானத்தை ஒட்டிப் பதினாலோ பதினைந்தோ பனைமரங்கள். ஒவ்வொன்றும் பிரஷின் நுனியால் ஒரே தொடல். அவ்வளவுதான் சித்திரம்.

மதுரையிலிருந்து மேலூருக்கோ திருமங்கலத்துக்கோ மத்தியான பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த வானம் தெரியும். அது நீலமாக இருக்காது. வெளுத்துப்போய், பார்க்கிறவன் கண்ணைச் சுருக்கவைக்கும். அதை எந்த வர்ணத்தால் எழுதுவது? எழுதாமல் விடுவதுதான் வழி என்று இருபது வயசுப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

இன்னொரு விசேஷமும் இதில் இருக்கிறது. நீர்வர்ணம் என்பது ஈரக் காற்றுள்ள தேசத்தில் செழித்த வித்தை. இங்கிலாந்தில் ஒரு வர்ணத்தைப் பூசினால் அது காயாமல் காத்திருக்கும். அடுத்த வர்ணத்தை அதன் பக்கத்தில் விட்டால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து பனிமூட்டமாகும். மதுரைப் பக்கத்து வெயிலில் பிரஷ் காகிதத்தின் மறு ஓரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் புறப்பட்ட இடம் காய்ந்துவிடுகிறது. ஓரம் இறுகிக் கோடு விழுந்துவிடுகிறது. தாமரைக் குளத்துச் சித்திரத்தில் அந்தக் கோடுகளை மறைக்க மேலே மேலே பூசியிருக்கிறாள். அதனால்தான் அது கனத்துப்போயிற்று. இந்தச் சித்திரத்தில் மறைக்கவில்லை. காய்ந்த ஓரம் ஒவ்வொன்றும் ஒரு வரப்பாகிவிட்டது. வெயில் பாதி எழுதிய சித்திரம் என்றே சொல்லலாம்.

"இதை வேணும்னு செஞ்சியாம்மா, தானா வந்துச்சா?" என்று கேட்டேன்.

"முதல்ல தானா வந்துச்சு பெரியப்பா. அப்புறம் விட்டுட்டேன்."

கலைஞர்கள் சத்தியம் பேசுவது அபூர்வம். இந்தப் பதிலுக்காகவே அவள் பேரில் எனக்கு நம்பிக்கை வந்தது. மார்க்கைப் பார்த்தேன். 11. 'முடிக்கப்படவில்லை' என்று எழுதியிருந்தது. அவள் அதை நம்பிவிட்டாள் என்பதுதான் விஷயம். அனுப்ப வேண்டும் என்று அவளாகப் பொறுக்கி வைத்திருந்த 15-ல் தாமரைக் குளம் முதலாவதாக இருந்தது. சமவெளி இல்லவே இல்லை. 22, 23 என்று மார்க் வாங்கியவற்றை மேலிருந்து கீழாக அடுக்கியிருக்கிறாள். நான் ஆசிரியரைக் குற்றம் சொல்லப் போவதில்லை. அறுபது காகிதங்களை ஒரே ராத்திரியில் திருத்துகிறவருக்குக் காலி இடம் சோம்பேறித்தனமாகத்தான் தெரியும். பத்திரிகைக்கு வருகிற கதைகளை நான் படித்துத் தள்ளிய காலத்தில் எத்தனை சமவெளிகளைத் திருப்பி அனுப்பினேனோ!

மூன்றாம் வருஷத்துக் கிராபிக் டிசைன் பாடங்களில் பெரும்பாலானவற்றைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். இல்லாத காப்பிக் கடைக்கு ஒரு முத்திரை, இல்லாத சோப்புக்கு ஓர் உறை. சுங்குடிப் புடவையை வைத்து ஒரு வடிவம் அமைத்திருந்தாள். சுங்குடியின் புள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்து எடுப்பது. முடிச்சு இறுகின இடத்தில் சின்னதாகவும் தளர்ந்த இடத்தில் பெரிசாகவும் விழும். எந்தப் புள்ளியும் சரியான வட்டம் அல்ல. கம்ப்யூட்டரில் ஒரு வட்டத்தைப் போட்டு 4,000 தடவை திருப்பிப் போட்டிருக்கிறாள். சுங்குடி என்று கீழே எழுதியிராவிட்டால் நான் கொசுவலை என்று நினைத்திருப்பேன். இதைச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. வரட்டும்.

நகைக்கடைக்குக் காலண்டர் ஒன்று. இதில் எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. வெள்ளைக் காகிதத்தில் மேலே ஒரு மூக்குத்தி மட்டும். கீழே மிகச் சிறிய எழுத்தில் தேதிகள். அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காலண்டர் என்ற பொருளை இந்தப் பெண் யோசித்துப் பார்த்தாளா? மதுரையிலிருந்து தெற்கே போனால் சிவகாசி. அதற்கும் தெற்கே கோவில்பட்டி. அங்கேதான் கொண்டையராஜு இருந்தார். 1898-ல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி, 1940-களில் கோவில்பட்டிக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் என்று அவரைச் சுற்றிச் சீடர்கள் சேர்ந்தார்கள். 1976-ல் அவர் காலமாகும் வரை அந்த வட்டத்திலிருந்து புறப்பட்ட முருகனும் லக்ஷ்மியும் மீனாட்சியும் சிவகாசி அச்சுக்கூடங்களில் அச்சாகித் தமிழ்நாட்டுச் சுவர்களிலெல்லாம் ஏறினார்கள். படித்தவர்கள் 'காலண்டர் படம்' என்பதை ஒரு வசையாகச் சொல்கிறோம். நானே சொல்லியிருக்கிறேன். வருஷம் முடிந்ததும் தேதியைக் கிழித்துவிட்டுப் படத்தைச் சட்டம் போட்டு, குங்குமம் வைத்து, ஊதுவத்தி ஏற்றுகிறார்கள் என்றால் அந்தச் சீடர்கள் வாங்கிய மார்க் அதுதான். இந்தப் பெண்ணின் காலண்டரில் குங்குமம் வைக்க இடம் இல்லாவிட்டாலும் போகிறது. பால்கணக்குக் குறிக்கக்கூட இடம் இல்லை. உசிலம்பட்டியில் எந்த வீட்டில் இதை மாட்டுவார்கள்?

"அவுக வீட்டுல மாட்டுறதுக்கு இல்ல பெரியப்பா, வாத்தியாருக்குக் காட்டுறதுக்கு" என்றாள். இத்தனை நேரம் நான் தேடிக்கொண்டிருந்ததை அவளே சொல்லிவிட்டாள்.

கடைசியாகத் தமிழ் எழுத்து. 'புதிய தமிழ் எழுத்துரு' என்பது பாடம். உயிர்மெய் அத்தனையும் கம்ப்யூட்டரில் செய்திருக்கிறாள். 'ட' ஆங்கில எல் ஆகவும், 'ப' யூ ஆகவும் நின்றன. மற்றவை அந்த இரண்டுக்கும் உறவாக இருக்க முயன்று கைகால் முறிந்து கிடந்தன. நான் பேசுவதற்கு முன் தகப்பனார் பேசினார்; அன்றைக்கு அவர் மூன்றாம் தடவை வாய் திறந்தது அப்போதுதான்.

"அண்ணே, இங்கிலீசு எழுத்தை ஸ்கேல் வச்சுக் கட்டிப்புடலாம். தமிழ் எழுத்து மணிக்கட்டுல இருந்து வரணும்."

நூற்றுக்கு நூறு உண்மை. மேலூர்ப் பக்கம் மாங்குளத்துப் பாறையில் நெடுஞ்செழியன் பெயரோடு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட எழுத்துக்கள் இருக்கின்றன. அவை நேர்கோடுகளாக நிற்கின்றன. உளிக்கு நேர்கோடு சுலபம். ஓலைக்கு வந்தபோது எழுத்து வளைந்தது. நேராக இழுத்தால் ஓலை கிழியும் என்பார்கள். போர்டுக்கு வந்தபோது தட்டைப் பிரஷின் அகலம் அதற்குப் பருமனும் மெலிவும் கொடுத்தது. 1978-ல் சர்க்கார் உத்தரவு போட்டு 'லை', 'ணை' போன்றவற்றின் தும்பிக்கைகளை வெட்டியபோதுகூடப் பழைய போர்டுக்காரர்கள் சிலருக்குக் கை கேட்கவில்லை. ஒவ்வொரு காலத்திலும் ஒரு கருவி எழுத்தை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கம்ப்யூட்டரில் கையை எதிர்த்து நிற்கிற பொருள் ஒன்றும் இல்லை. அதனால் மாணவி எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்துவிட்டாள். அறுபதுகளில் சென்னையில் மாணவராக இருந்த ஆதிமூலம், காந்தியைக் கோடுகளாலேயே எழுதிக் காட்டியவர், பிற்பாடு பத்திரிகைத் தலைப்புகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் தம் கையால் தமிழ் எழுதித் தந்தார். அவற்றில் மையும் பிரஷும் காகிதத்தோடு சண்டை போட்ட தடம் தெரியும்.

காகிதங்களைத் திருப்பிக் கட்டும்போது உறையின் அடியிலிருந்து வேறொன்று விழுந்தது. பிளெக்ஸ் கடையின் பழைய பில் தாள்கள். அவற்றின் முதுகில் 'ழ', 'ழ' என்று முப்பது நாற்பது தடவை. அப்பாவின் தட்டைப் பிரஷை எடுத்து மகள் எழுதிப் பார்த்தவை. முதல் பத்தும் கோணல். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுழி இறங்கி, கடைசித் தாளில் ஒன்று, ஒன்றே ஒன்று, அப்பா எழுதியதா மகள் எழுதியதா என்று எனக்குத் தெரியவில்லை. சில தாள்களில் மறுபக்கத்துப் பில்லின் எண்கள் மங்கலாகத் தெரிந்து, எழுத்தோடு கலந்து நின்றன.

"இது ரஃப், பெரியப்பா. காட்டுறதுக்கு இல்ல" என்று அவசரமாகப் பிடுங்கினாள்.

பணிக்கரைப் பற்றி முன்பு சொன்னேன். 1963 வாக்கில் அவர் 'சொற்களும் குறிகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். இன்று அவர் பெயர் நிற்பது பெரும்பாலும் அதனால்தான். அதற்குத் தூண்டுதல் என்ன என்று அவரே சொல்லியிருக்கிறார்: ஒரு மாணவனின் கணக்கு நோட்டில் ஒரு பக்கம். எண்களும் ஆங்கில எழுத்துக்களும் ஜியோமிதிக் கோடுகளும் தாறுமாறாக நிறைந்த பக்கம் அவர் கண்ணுக்குச் சித்திரமாகத் தெரிந்தது. அந்த மாணவன் அதை யாருக்கும் காட்டுவதற்காக எழுதியிருக்கமாட்டான். இந்தக் கதையைச் சொல்லி, பில் தாள்களில் நான்கை அட்டையில் ஒட்டி மனுவோடு அனுப்பச் சொன்னேன். அவளுக்கு அரை மனசு. காப்பி வந்தது, குடித்தோம்.

தகப்பனார் தம்முடைய கேள்விக்கு வந்தார். எனக்கு வேறு வழியில்லை. அம்மி, மாசி வீதி, சமவெளி, காய்கறி மார்க்கெட்டில் உட்கார்ந்தபடி தூங்குகிற ஒரு கிழவரின் சித்திரம், பில் தாள்கள் — இந்த ஐந்தும்தான் அவளுடையவை என்றும், மீதி இருபத்தொன்பதும் வாத்தியாருக்காக எழுதியவை என்றும் சொன்னேன்.

"அஞ்சுக்கு ஆறு பவுனா அண்ணே?" என்றார். வேடிக்கையாகக் கேட்கவில்லை.

என் முதல் சிறுகதைத் தொகுதியில் 12 கதைகள் இருந்தன. இன்றைக்குக் கேட்டால் அவற்றில் இரண்டுக்குத்தான் நான் பொறுப்பேற்பேன். அந்தத் தொகுதியைப் போட்டவர் மீதிப் பத்துக்கும் சேர்த்துத்தான் காகிதம் வாங்கினார், நஷ்டமும் பட்டார். அதைச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தால் நஷ்டப்பட்டவரைப் பற்றித்தான் யோசிப்பதாகத் தெரிந்தது. மனு அனுப்பக் கடைசித் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. பத்துச் சித்திரம் புதிதாக எழுத முடியுமா என்று பெண்ணைக் கேட்டேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆறு முடியும்" என்றாள். அப்படியானால் பழசில் நான்கு போட வேண்டும். எந்த நான்கு என்பதில்தான் எங்களுக்குத் தகராறு.

தாமரைக் குளத்தை எடுத்துவிடச் சம்மதித்தாள். ஆப்பிளை எடுக்க யோசித்தாள், அப்புறம் எடுத்தாள். ஆனால் ஒரு பெரிய எம்.ஜி.ஆர். முகம் இருந்தது. சின்னப் போட்டோவின் மேல் பென்ஸிலால் கட்டம் கட்டமாகக் கோடிட்டு, பெரிய தாளிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்துப் பெரிதாக்குவது பானர்க்காரர்கள் முறை. அந்த முறையில் எழுதியது. கன்னத்தில் நீலமும் ஊதாவும் பானரில் இருக்கிற மாதிரியே அடித்திருந்தாள். நகலுக்கு நகல், போட்டோவுக்கு மேல் ஒன்றும் இல்லை, இதைப் பார்த்தால் வடக்கத்தியார் சிரிப்பார்கள் என்று சொல்லி, அவசியம் எடுத்துவிட வேண்டும் என்றேன். கட்டங்களை அவள் ரப்பரால் அழிக்காமலே விட்டிருந்தாள். அருகில் போய்ப் பார்த்தால் முகம் முழுவதும் அந்தக் கோடுகள் தெரிந்தன.

அதை மட்டும் அவள் கட்டிலிருந்து எடுக்கவில்லை.